உடம்புச் சூடு

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு
பைக்கில் இருபத்தைந்து நிமிஷம்.
முக்கால் மணிக்குள் வந்து சேரணும்,
தணுக்கக் கூடாது கேட்டோ,
உடம்போடு சேர்த்துப் பிடிச்சோளூ
என்று லேப் பெண் போனில் சொல்லியிருந்தாள்.

பூட்டிய அறையைத் திறந்து
குப்பியை நீட்டினேன்.
முகம் பார்க்காமல் வாங்கி
ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள் போதும்பொண்ணு.

ஐந்தாவதும் பெட்டையாகப் போக
அவள் அப்பன் சாமிக்குப் போட்ட மனு
அந்தப் பேர்.
பதினொரு வருஷமாய் ஊர்
அதை வேறு மாதிரி வாசிக்கிறது.

அவளுக்கு ஸ்கேன் ஏழு. ஊசி எண்ணவில்லை.
குழாயில் மருந்தேற்றிப் படம் பிடித்த அன்று
கம்பம் பஸ் ஸ்டாண்டில்
சீட் இருந்தும் உட்கார முடியாமல் நின்றாளாம்.
நான் திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன்.
எனக்கு இதுதான் முதல் குப்பி.

காலண்டரில் அவள் சுழித்த தேதி வந்தால்
எனக்குத் தலைவலி வந்துவிடும்.
"சரி, தூங்கு" என்று விளக்கணைப்பாள்.
அந்தச் சரிக்குப் பிறகு
இருட்டில் ரொம்ப நேரம்
இரண்டு பேரும் தூங்குவது போல் மூச்சு விடுவோம்.

ராட்சசக் குழாய்களில்
மலையைக் குடைந்து திருப்பிய தண்ணீர்
இறங்கிக்கொண்டிருந்தது.
வளைவில் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே.
முன்னும் பின்னும் ஏலத்தோட்டத்து ஜீப்புகள்.
"எத்தனை ஆச்சு?"
"முப்பத்தெட்டு."
இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்தினாள்.

ஜீப்பிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து,
"நெஞ்சு வலியா தாயி?"
"இல்லக்கா. பச்சப்புள்ள. குளிரு ஆகாது."

அந்த அக்கா அவள் மடியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.
எனக்குத்தான் முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.
அப்புறம் அவளுக்கு.
ஹேண்டில்பார் குலுங்கும்படி சிரித்தோம்.
எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை,
முதுகு நனைந்த பிறகுதான்.

ஐம்பத்திரண்டு என்று
குப்பி மேல் எழுதினாள் லேப் பெண்.
நோக்கட்டே, நாளைக்கு விளிக்கிறேன் என்றாள்.

இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டேன்.
அவசரம் ஒன்றுமில்லை இனி.
காற்று மட்டும்.
நாலாவது வளைவில் என் காதருகே சொன்னாள்:
"இனிமே மருந்தடிக்கப் போனா
மூஞ்சிக்குத் துணி கட்டிக்கோ."