கரடிக்கு அடிக்கணக்கு

காட்டெருமைக்கு அடிக்கு இரண்டாயிரம்,
கொம்பு தனி.
சிறுத்தை என்றால் புள்ளிகளைச் சுட்டு வைக்க
கேஸ் செலவு கூடும்.
கரடி மலிவு.
நிற்கிற கட்டை ஏற்கெனவே பாதிக் கரடிதான்.

ஆடிக்காற்றில் சாய்ந்த சைப்ரஸ்
தாசில்தார் ஆபீஸ் தாளோடு லாரியில் வந்தது,
கட்டபெட்டு தாண்டி, அந்த ரிசார்ட்டுக்கு.
மேனேஜர் பிரதீஷ் போனில் படம் காட்டினார்:
உருண்டைக் காது, மடியில் தேன்குடம்,
பனி கொட்டும் ஏதோ தேசத்துக் கரடி.
"ஆறடி. ஒரு கையில வெல்கம் போர்டு,
ஒரு கையத் தூக்கி வணக்கம் சொல்லணும்.
சனிக்கிழமைக்குள்ள."
எங்கள் லைனில் நிஜக் கரடி
ரேஷன் கடைக் கதவைப் பிய்த்துப்போட்ட வாரம் அது.
சரி என்றேன்.
மகளுக்குப் பரீட்சைப் பணம் கட்ட
திங்கள்தான் கடைசி.

பெட்ரோலில் எண்ணெய் கலந்து
செயினின் பல் ஒவ்வொன்றையும் அரத்தால் தீட்டிக்
கயிறு இழுத்தேன்.
மூன்றாம் இழுப்பில் இருமி எழுந்தது.
வனத்துறை காண்டிராக்டில்
இதே மெஷினோடுதான் வாட்டில் மரம் வெட்டினேன்.
அங்கே டன் கணக்கு.
தூசு மட்டும் அங்கும் இங்கும் ஒன்றுதான்,
மூக்குக்குள் மஞ்சளாய்.

வாட்ச்மேன் போஜன் தள்ளியே நின்றார்,
கம்பளிக் குல்லா கழுத்துவரை.
முகம் வந்தது. முதுகு மயிர் வந்தது,
பட்டையின் நுனியால் கீறக் கீற.
தூக்கிய கைக்கு வந்தபோது
கிட்டே வந்து, நிறுத்து என்று சைகை செய்தார்.
"நகம் இப்படி இருக்காதுங்க."
குல்லாவைக் கழற்றினார்.
காதுக்குப் பின்னாலிருந்து தாடைவரை நான்கு கோடு.
ஐந்தாவது பாதியில் நின்றுவிட்டிருந்தது.
மார்கழி, காலை ஆறு மணி, தேயிலைக்குள்ளே.
"நானும் பயந்தேன், அதுவும் பயந்துச்சு.
அதுக்குக் கை நீளம்."

டேப்பை எடுக்கக் கூச்சமாய் இருந்தது.
அவரே கழுத்தைச் சாய்த்தார்.
கோட்டுக்கும் கோட்டுக்கும் முக்கால் அங்குலம்,
கீழே போகப் போக ஒன்று, ஒன்றேகால்.
சொல்லிக்கொண்டே மரத்தில் பென்சிலால் குறித்தேன்.
மாலைவரை அந்த ஒரு கைதான்.
பிறகு தொங்கும் கீழுதடு, நெஞ்சில் வெள்ளை வளைவு.
தேன்குடத்துக்கு மரம் மிச்சமில்லை.
போஜன் இருட்டும்வரை பார்த்திருந்துவிட்டு
"ம்" என்றார்.
ராத்திரி ரவுண்டில்
அந்தப் பக்கம் அவர் போகவேயில்லை என்று
சமையல்காரர் மறுநாள் சொன்னார்.

சனிக்கிழமை வந்த பெங்களூர்க் குடும்பத்தில்
ஒரு பையன் காரைவிட்டு இறங்க மறுத்தான்.
"அழகாத்தான் இருக்கு அண்ணா," என்றார் பிரதீஷ்,
"நகத்த மட்டும் எடுத்திடலாம்.
கொஞ்சம் சிரிக்கட்டும்.
ஐந்நூறு சேர்த்துப் போடுறேன்."

சிரிப்புக்கு இரண்டு வெட்டு.
நகத்துக்கு ஐந்து.
விழுந்தவற்றைப் போஜன் பொறுக்கி
ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டார்.
எதற்கென்று கேட்டேன்.
சொன்னாரோ என்னவோ,
என் காதுக்குள் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி ஜீப்பும் போய்விட்டது.
கேட்டருகே தகரச் சட்டியில் நெருப்பு.
ஒன்றொன்றாய்ப் போட்டார்.
சைப்ரஸ் பிசினோடு எரியும், சடசடவென்று.
நான்கு போயிற்று.
ஐந்தாவதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்,
கழுத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தார்,
திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"கையக் காட்டுங்க, குளிருதில்ல."
காட்டினேன்.
பதினான்கு வருஷ அதிர்வில் வெளுத்த விரல்கள்.
முகத்துக்குத் தெரிந்து
முழங்காலுக்குத் தெரிந்து
கடைசியில்தான் சூடு
அவற்றுக்குத் தெரியும்.