ஓரெழுத்து

அவன் சட்டையில் அந்த எழுத்தைத் தைத்தவள் நான்.
பதினோரு பருவங்கள், பருவத்துக்கு நான்கு சட்டை,
கிழிந்து வந்தவை கணக்கில் இல்லை.
நெஞ்சின் இடப்பக்கம், இதயத்துக்கு இரண்டு விரல் மேலே,
ஓரெழுத்தே ஒரு சொல்லாக: சி.

கெமி அரங்கின் அடித்தளத்தில் என் அறை.
ஸ்கேட் கத்திகளைத் தீட்டும் இயந்திரம்,
காயாத கையுறைகளின் நாற்றம்,
ஜனவரியில் மதியம் மூன்றுக்கே
இருட்டிவிடும் ஒரு கையகல ஜன்னல்.

இல்மோ வாத்தோவாரா. தடுப்பாட்டக்காரன்.
பதினேழு பருவத்தில் அறுபத்திரண்டு கோல்.
வேறொருவன் அதை மூன்றே குளிர்காலத்தில்
அடித்துவிட்டுத் தெற்கே போய்விடுவான்.
இவன் கொடுத்தது: மூன்று பற்கள், ஒரு மண்ணீரல்,
மகள் பிறந்த இரவு.
அன்று பனிப்புயலில் பேருந்து நின்றுவிட்டது,
மண்வாரியோடு முதலில் இறங்கியவன் இவன்தான்.

கோப்பையா? இல்லை.
ஒரேயொரு முறை ஏழாவது ஆட்டம் வரை போனோம்.
கூடுதல் நேரம்.
எங்கள் கோல்காவலன் பெர்த்தியின் கால்களுக்கிடையே
வட்டு உருண்டு போனது.
அடித்த வேகம்கூட இல்லை அதற்கு, சும்மா
வழி தெரிந்ததுபோல் போனது.

உடைமாற்றும் அறையில் மூச்சுச் சத்தமே இல்லை.
பயிற்சியாளர் வாசல்வரை வந்து திரும்பிவிட்டார்.
பெர்த்தியின் விரல்கள் நடுங்கின,
முடிச்சு அவிழவில்லை.
இல்மோ ஈரத் தரையில் மண்டியிட்டான்.
தாடியிலிருந்து வியர்வை சொட்ட
ஸ்கேட்டின் கயிற்றைக் கண்ணி கண்ணியாக உருவினான்,
முதலில் இடது, பிறகு வலது.
ஒரு சொல் இல்லை.

"கருணையெல்லாம் கிடையாது" என்றான் பிறகொரு நாள் என்னிடம்.
"வாயைத் திறந்திருந்தால் அவனைக் கொன்றிருப்பேன்.
கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது."

செய்தித்தாள்கள் அவன் பேச்சை நெருப்பு என்று எழுதின.
எந்தப் பேச்சு?
அவன் ஆரம்பிக்கும் வாக்கியங்கள்
பாதியில் ஷூவைத் தேடப் போய்விடும்.

எத்தனை முறை ஊசியோடு அந்த எழுத்தைச் சுற்றி வந்திருக்கிறேன்,
தலைவனென்றால் திறந்த வாய்
என்றுதான் நானும் நினைத்தேன்.
ஒருநாள் சட்டையை உள்வெளியாகத் திருப்பினேன்.
தையலின் பின்பக்கத்தில்
ஒரு காது.

அக்டோபரில் அவன் எண்ணைக் கூரைக்கு ஏற்றினார்கள்.
இருபத்தேழு.
விளக்கணைத்தார்கள், மனைவி ஆய்லி அழுதாள்,
இவன் மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றான்.
கம்பி ஒருபக்கம் சிக்கியதால்
பதாகை இன்னும் கோணலாகத்தான் தொங்குகிறது.
ஏணி பிடிக்க ஆளில்லையாம்.

நேற்று ஒன்றுக்கு ஆறு என்று தோற்றோம்.
கையுறைகளை அள்ள உள்ளே போனேன்.
இல்மோவோடு ஒருநாளும் ஆடாத ஒரு பையன்,
போன மாதம்தான் வந்தவன்,
தரையில் மண்டியிட்டு
இன்னொருவனின் கயிற்றை உருவிக்கொண்டிருந்தான்.
ஏன் என்பதுபோல் பார்த்திருப்பேன் போல.
"இங்கே அப்படித்தானே" என்றான்,
நிமிரக்கூட இல்லை.

கையுறைகளை எடுத்துக்கொண்டு
கீழே வந்துவிட்டேன்.