மூன்று லிட்டர்

பாலக்கோட்டில் இரவு பத்துக்கு
மருந்துக்கடை ஷட்டர் பாதி இறங்கும்.
மீதிப் பாதியின் வெளிச்சத்தில்
என் பல்கலைக்கழகம் திறக்கும்.

பட்டத்தின் பெயரைச் சொன்னால்
முதலாளி சிரிப்பார்.
"நலவாழ்வு மேலாண்மையா?
நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கும்மா மேனேஜரு?"
கல்லாவைப் பூட்டும்போது மட்டும்
ஃபீஸ் எவ்வளவு என்று மறுபடி கேட்பார்.
அவர் மகள் பிளஸ் டூ.

வகுப்பில் எண்பத்து மூன்று பேர்.
எண்பத்து மூன்று கறுப்புக் கட்டங்கள்,
கட்டத்துக்கு ஓர் எழுத்து.
நான் கு.
கேமரா பழுது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
பழுது கேமராவில் இல்லை.

இந்த வாரச் செயல்திட்டம்:
ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்து
ஏழு நாளுக்கு நலவாழ்வுத் திட்டம் எழுதவும்.
தூக்கம், நீர், தியானம், மன அழுத்தம்.
கடைசி நேரம் ஞாயிறு இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது.

சாக்கப்பனைத் தேர்ந்தெடுத்தேன்.
தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றுகிறவர்.
முழங்கால் வலி மாத்திரைக்கு
வாரம் மூன்று முறை வருவார்.
அட்டையாக வாங்கமாட்டார்.
கத்தரிக்கோலால் இரண்டு இரண்டாக
வெட்டித் தரவேண்டும்.

தூங்குவது எத்தனை மணி நேரம்?
"லாரி வர்ற வரைக்கும்."
மன அழுத்தம், பத்துக்கு எத்தனை?
"இன்னிக்குப் பெட்டி என்ன விலை போச்சு?"
நூற்றிருபது என்றேன்.
"அப்ப எட்டு போட்டுக்க.
ரோட்டுல கொட்டிட்டுப் போற வாரம் வந்தா
பத்துக்கு அந்தாண்ட கட்டம் இருக்குதா, பாரு."
பார்த்தேன். இல்லை.

தியானம்?
கூலி பிரிக்கும்வரை
தூணில் சாய்ந்து சும்மா நிற்பாராம்,
குந்தினால் எழ முடியாது.
கண்ணை மூடிக்கொண்டா?
"கண்ணை மூடினா கணக்குல ஒரு பெட்டி போயிடும்."

எல்லாவற்றையும் ஏற்றினேன்.
நீர்: நாளொன்றுக்கு மூன்று லிட்டர்
என்று பாடத்திலிருந்ததை அப்படியே ஒட்டி
பக்கத்தில் ஒரு நீலத் துளி வரைந்தேன்.
துளி அழகாக இருந்தது.

அதைக் காட்டினேன், சாக்கப்பன் சிரித்தார்.
மேல்வரிசைப் பற்களில்
மழை ஒழுகிய சுவரில் போல
பழுப்புக் கோடுகள்.

எனக்கும் அதே கோடுகள்தான்.
ஐந்தாம் வகுப்புப் போட்டோவில்
எங்கள் பெஞ்ச் முழுக்க
வாயை இறுக மூடி நிற்கும்.
என்ன அடக்கம் என்றார் டீச்சர்.
வேறு ஊர், மாற்றலாகி வந்தவர்.

நான் டாக்டர் இல்லை.
மருந்தாளுநர்கூட இல்லை,
சம்பளத்துக்கு நிற்கிறவள்.
அந்த முழங்காலுக்குள் என்ன இருக்கிறது
என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.
ஆனால் படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்று
வாய்வரை வந்துவிட்டது.
எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?

"போர் தண்ணிதான்.
ஒகேனக்கல் தண்ணி வரும்,
வியாழக்கிழமை விடிகாலையில.
அந்நேரம் நானும் அவளும் மண்டியில.
குழாய் தொறக்குறப்ப வீட்ல ஆளு இல்லை."

நீலத் துளியை அழித்தேன்.
மூச்சுப்பயிற்சியை, காலைப் பழத்தை,
ஏழு நாளையும் அழித்தேன்.
எழுதியது ஒரே வரி:
வியாழன் விடிகாலை,
குழாயடியில் குடம் பிடிக்க ஓர் ஆள்.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
சாக்கப்பன் போய்விட்டிருந்தார்,
இரண்டு மாத்திரையோடு.

மதிப்பெண் புதன்கிழமை வந்தது.
பத்துக்கு நான்கு.
குறிப்பு: உரிய ஆதாரம் இணைக்கப்படவில்லை.

கேமரா இன்னும் பழுதுதான்.

மறுநாள் நாலரை மணிக்கு
சாக்கப்பன் வீட்டு வாசலில்
மூன்று குடங்களோடு நின்றேன்.
குழாய் முதலில் இருமியது,
பிறகு காற்று, பிறகு
ஆதாரம் வந்தது.
இரண்டு குடம் நிறைந்தது.
மூன்றாவது பாதியில் நின்றது.