எண்ணிக்கை: ஒன்று

சரக்குச் சீட்டை நிரப்புகிறேன்.
பொருள்: கப்பல். எண்ணிக்கை: ஒன்று.
உள்ளே என்ன இருக்கிறது என்கிறது அடுத்த கட்டம்.
எண்பது காருக்கு இடம்.
சூப் ஊற்றும் யந்திரம்.
சிறுவர் மூலையில் மஞ்சள் சறுக்கு.
கோடு ஒன்று கிழித்துவிட்டு நகர்கிறேன்.

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், சரி.
ஓடம் ஓடத்திலேயே ஏறுவதற்கு
நம்மிடம் பழமொழி இல்லை.

நனைமோ துறைக்கு வெளியே காலை நாலரை.
தூக்க வந்த கப்பல் முதலில் மூழ்க வேண்டும்.
யோஸ்ட் வால்வுகளைத் திறக்கிறான்,
டச்சில் ஏதோ முனகியபடி.
ஆறு டென்னிஸ் மைதானம் கொள்ளும் தளம்
சத்தமில்லாமல் கீழே போகிறது.
மூலைக் கோபுரங்கள் நான்கும்
கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கின்றன.
விஷயம் தெரியாத ஒருவன் கரையிலிருந்து
கடலோரக் காவலுக்குப் போன் செய்திருக்கிறான்:
கப்பல் ஒன்று தாழ்கிறது, யாரும் பதறவில்லை.

இழுவைப் படகுகள் பழைய ஃபெரியைக் கொண்டுவந்து
கண்ணுக்குத் தெரியாத தளத்தின்மேல் நிறுத்துகின்றன.
கீழிருந்து டேரன் சொல்கிறான், குமிழிகளோடு:
ஏரா, மரக்கட்டைகளுக்கு நேரே.
அவன் மேலேறியதும் பம்ப்புகள் தொடங்குகின்றன.

இனி நாற்பது நிமிடம்.
ஃபெரி பாதி மிதக்கிறது, பாதி உட்கார்ந்திருக்கிறது.
யாரை யார் பிடித்திருக்கிறார்கள் என்று
கணினிக்கும் தெரியாது; தெரிந்ததாகக் காட்டும்.
இந்த நாற்பது நிமிடத்துக்கு மட்டும்
காப்பீட்டுப் பத்திரத்தில் பதினொரு பக்கம்.
ஒரு பாகை சாய்ந்தது.
ஒன்றரை.
எங்கோ ஒரு கட்டை பிளந்த சத்தம்,
சுள்ளி ஒடிந்ததுபோல, அவ்வளவுதான்.
யோஸ்ட் ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்தினான்.
ஒன்றேகால். ஒன்று. அரை.
மீண்டும் கடித்தான்.

பகலில் எல்லாம் தெரிந்தது.
இருபத்தாறு ஆண்டு இதை ஓட்டிய ஹெட்டி லிண்ட்ஸ்ட்ரம்
ஈரத் தளத்தில் நடந்துவந்து அண்ணாந்து பார்த்து,
"அடிவயிறு இவ்வளவு சிவப்பா?" என்றாள்.
பழுதுபார்க்க ஏற்றும் நாளெல்லாம் அவளுக்கு விடுமுறையாம்.
கை நீட்டிப் புரொப்பெல்லரைத் தொட்டாள்.
கொட்டலசு கீறிவிட்டது. விரலைச் சப்பினாள்.

மாலையில் வாடை எழுந்தது.
வெல்டர்கள் கடைசி முட்டுகளைப் பொருத்தினார்கள்:
நீலம், இருட்டு, நீலம்.
சூவா வரை பதினெட்டு நாள்.
ஃபெரியோடு போகிறவன் ரோமெல் ஒருவன்தான்.
கடல் அவனுக்கு மூன்று மாடி கீழே.
"ஆடினால் எந்தக் கப்பல் ஆடுவதாகக் கணக்கு?" என்று கேட்டான்.
சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

கையெழுத்துக்குக் குனிந்தபோது கேட்டது:
இரண்டு வருடம் கட்டிக் கிடந்ததில்
ஏராவோடு ஒட்டி வளர்ந்த மட்டிகள்,
ஆயிரக்கணக்கில், காற்றில்,
வாய் இறுக்கிக்கொள்ளும் நொறநொறப்பு.

'நல்ல நிலையில் ஏற்றப்பட்டது' என்ற வரிக்கு எதிரே
நிறைமதி என்று எழுதினேன்.
கடற்காகங்கள் அதற்குள்
கட்டைகளுக்கு இடையே நடந்து வந்துவிட்டிருந்தன.