முதுகு

கொட்டலசு பறிக்க இறங்குகிறவர்கள்
கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும்.
பாறை முகத்துக்கு நேரே,
வலக்கையில் இரும்புச் சுரண்டி,
இடுப்பில் வலைப்பை.
பின்னால் அட்லாண்டிக்.

மேலே ஒருத்தி நிற்பாள்.
பறிக்க மாட்டாள்.
அவள் வேலை பார்ப்பது மட்டும்.
"மார்!" என்று கத்தினால்
கடல் என்று பொருள்.
ஏறு என்றும்.

கலீசியாவின் இந்த மேற்கு முனையில்
பதினோரு வருஷம் எங்களுக்கு மீனியா நின்றாள்.
அவளைத் தேர்ந்தெடுத்த கூட்டம் எனக்கு நினைவில்லை.
எடை போடும்போது
தராசை எங்கள் பக்கம் திருப்பி வைப்பது நினைவிருக்கிறது.
விலை இறங்கிய நாளில்
இறங்கிய விலையையே சொல்வாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்.
வற்றம் முடிய இருபது நிமிஷம்.
கத்தல் வரவில்லை.
அலைதான் வந்தது.
உஷீயாவின் இடது கையில்
இரண்டு விரல் இன்னும் மடங்குவதில்லை.

எங்கள் கரையில் எந்தப் பழியையும்
கடல்மேல் போடலாம்.
அது மறுத்துப் பேசியதே இல்லை.
ஆஸ்பத்திரியில் நாங்களே அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம்:
பொல்லாத அலை.

சங்கக் கூடத்தில்
ஈர உடுப்போடு மீனியா எழுந்தாள்.
"நான் பார்க்கவில்லை.
கிறிஸ்துமஸ் விலையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
கண் கடல்மேல்தான் இருந்தது."

அந்தக் கடைசி வரி எங்களைத் தூங்க விடவில்லை.
கண் திறந்திருப்பதை யாரும் பார்க்கலாம்.
அதற்குள் ஆள் இருப்பதை?

தோசிந்தா குழுவை விட்டுப் போனாள்.
குறை சொல்ல மாட்டேன்,
அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

பிப்ரவரியில், கட்டுப் பிரித்த கையோடு
உஷீயா வந்து மேல் பாறையில் நின்றாள்.
தன் சுரண்டியை மீனியாவிடம் நீட்டினாள்.

அன்று மூன்று தடவை "மார்!"
மூன்று தடவையும் சொல்லும்படி எதுவும் வரவில்லை.
முதல் தடவை, கைநிறையப் பறித்ததை விட்டுவிட்டு
மீனியா ஏறினாள்.
இரண்டாம் தடவை முழங்கால் கிழிந்தது.
மூன்றாம் தடவையும் ஏறினாள்,
திரும்பிப் பார்க்காமல்.
நான் திரும்பிப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

உஷீயா சோதித்தாளா, பயந்தாளா,
யாரும் கேட்கவில்லை.
அந்த வாரம் எங்கள் பைகள் பாதிதான்.
போதாததற்கு மீனியா பறிப்பதில் படுமோசம்,
காம்பை நடுவில் அறுத்து வீணாக்குவாள்.
கொஞ்சம் சிரித்தோம்.

ஏப்ரலில் ஒரு விடியல்.
வண்டியை நிறுத்தியதும்
உஷீயா இடுப்பில் கயிறு கட்டத் தொடங்கினாள்,
ஒரு கையால்,
முடிச்சைப் பல்லால் இறுக்கி.
மீனியா உதவ வந்து பாதியில் நின்றாள்.

உஷீயா அவளைத் தாண்டி இறங்கினாள்.
வழுக்கும் இடத்தில் காலால் தேடி,
பாறையை நேர்கொண்டு,
கடலுக்கு முதுகைக் கொடுத்தாள்.

மேல் பாறை காலியாக இருந்தது.
நாங்கள் பறிக்காமல் நின்றோம்,
மீனியா அதில் ஏறும் வரை.

அன்றிலிருந்து அவள்
ஒவ்வொரு அலையையும் உரக்க எண்ணுகிறாள்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று,
வற்றம் முழுக்க, தொண்டை கட்டும் வரை.
எரிச்சலாகத்தான் இருக்கிறது.
இருக்கட்டும்.