அம்மைத் தழும்பு

ஜெலுத்தோங் அடுக்குமாடி, பதினோராம் மாடி.
லிஃப்ட் கெட்டுப்போன வாரம்.
ஃபெர்ரித் துறையில் மோட்டார் சைக்கிள்களை எண்ணிவிட்டு
டீசல் வாசத்தோடு படியேறி வந்தான் குணாளன்.
குளிக்கவில்லை.
குளிக்க நான் விடவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான்
எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான்.
கை தடவித் தடவிப் பென்சிலைத் தேடும்,
கிடைக்காவிட்டால் என் கண்மையை.
மின்கட்டண ரசீதின் முதுகில்
நான்கு வரி எழுதுவான், ஓர் உருவம் கிறுக்குவான்:
மயில் கழுத்துள்ள மனிதர்கள்,
தொப்புளில் ஏணி முளைத்த பெண்,
ஏணியில் ஏறாமல் அதைக் கட்டிக்கொண்டு தூங்கும் சூரியன்.
"பாரு புள்ள, இப்ப வந்தது" என்பான்,
யாரோ கதவைத் தட்டிக்
கொடுத்துவிட்டுப் போனதைப்போல.

சிற்றின்பம் என்று பெயர் வைத்தவன்
எந்த அளவுகோலை வைத்து அளந்தான் என்று கேட்பான்.
உயிர் உடம்புக்குள் இல்லையாம்,
உடம்புதான் உயிருக்குள் ஊறப்போட்ட துணியாம்.
அரிசி வேகும் நேரம்கூட ஆகலையே என்பேன்.
சிரிப்பான்.
"அந்த நேரத்துக்குள்ள
பினாங்குப் பாலம் மூச்சோட உள்ள போயி
மூச்சோட வெளிய வந்துச்சு."
இதற்கு என்ன பதில் சொல்வது?
நான் எழுந்து விளக்கை அணைப்பேன்.

தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில்
தண்ணீர்ப்பந்தல் குழு ஒன்று
எட்டடிப் பலகையில் வள்ளி திருமணம் கேட்டது.
சோபாவை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கூடத்தில் வரைந்தான்.
அதை எப்படிக் கீழே இறக்குவது என்று
யாரும் யோசித்திருக்கவில்லை.
முருகன் ஒரே நாளில் முடிந்தான்.
வள்ளிக்கு ஐந்து வாரம்.
இரவெல்லாம் என்னிடம் இருந்துவிட்டு
விடியலில் அவளிடம் போனான்.
என் முதுகின் வியர்வை காயுமுன்
அவள் முதுகு பளபளத்தது.
பொறாமையா? கொஞ்சம்.

செயலாளர் பக்கிரிசாமி மூச்சிரைக்க ஏறி வந்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
கண்ணு இவ்வளவு தொறந்திருக்கணுமா என்றார்.
பிறகு இடது தோளைச் சுட்டினார்.
"இது என்ன?"
"அம்மை குத்துன தழும்பு."
"தெய்வத்துக்கு எதுக்குங்க அம்மைத் தழும்பு?"
தின்னர்த் துணியில் விரல்களைத் துடைத்தபடி இவன்,
"அம்மை வராத ஒடம்புக்குள்ள
அம்மன் எப்படிங்க வருவா?"

நான் தே ஓ கொண்டுவந்தேன்.
என் நைட்டியின் கைப்பக்கம் பார்க்காமலிருக்க
அந்த மனிதர் பட்ட பாடு!
முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, பாவம்.
பலகை அலமாரிக்குப் பின்னால் போனது.
மயிலின் வால் நுனி மட்டும் வெளியே.

நான்கு வருடம் கழித்து எனக்குக் கருப்பையை எடுத்தார்கள்.
ஆறு மாதம் அவன் என்னைத் தொடவில்லை, பயத்தில்.
ஆறு மாதம் ஒரு வரி இல்லை, ஒரு கோடு இல்லை.
மின்கட்டண ரசீதுகள் முதல்முறையாக
வெறும் ரசீதுகளாகவே சேர்ந்தன.
"வாசல் சாத்திட்டாங்க போல" என்றான் ஒரு ராத்திரி.
யாரோட வாசல் என்றேன்.
விழித்தான்.

இருபத்தாறு வருடம்.
நீ என்ன பார்த்தாய் என்று
ஒரு தடவையாவது கேட்டிருப்பானா?

அன்றைக்குக் கேட்டான்.

சொன்னேன்.
தேவர்கள் யாரும் வரவில்லை. மயில் இல்லை. ஏணி இல்லை.
கண்ணை மூடினால் ஒரு மஞ்சள் வாளி.
குழாயடியில் நிரம்பி, வழிந்து,
வழிந்ததே தெரியாமல் இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கும்.
குழாயை மூட ஆளில்லை.
மூடச் சொல்லவும் ஆளில்லை.
ஒவ்வொரு தடவையும் அதே வாளிதான்.

பேசாமல் இருந்தான்.
பிறகு என் இடது தோளில், தழும்பின் மேல்,
கைநாட்டு வைப்பவனைப்போலக்
கட்டைவிரலை அழுத்தி வைத்தான்.
தொலைவில் கடைசி ஃபெர்ரி ஊதியது.
அதில் எத்தனை மோட்டார் சைக்கிள் என்று
அவன் எண்ணவில்லை.

விடிந்து பார்த்தால் மேசைமேல் ரசீது,
பக்கத்தில் மூடாத கண்மை.
படம் இல்லை. கவிதை இல்லை.
ஒரே ஒரு கேள்வி,
என்னிடம்:

எந்த மஞ்சள்?