இரண்டாயிரத்து நானூறு

செல்லூர் அறுபதடி ரோட்டில்
ஷட்டரைப் பாதி இறக்கிய கடை. மணி ஒன்று பத்து.
திரையில் இரண்டு வேலை திறந்து கிடக்கிறது.
மேலே சுபிக்‌ஷாவின் காதணி விழா, பத்துக்கு இருபது,
தாய்மாமன்மார் பதினேழு பேர், அத்தனை பேருக்கும் கூலிங் கிளாஸ்,
மேலெல்லாம் ரோஸ் பலூன்.
அடியில் ரைஸ்மில் பரமசிவத்துக்குக் கண்ணீர் அஞ்சலி, ஆறுக்கு எட்டு.
தத்தனேரிக்குக் காலை ஏழு மணிக்கு எடுக்கிறார்கள்.

பதினாலாம் மாமனுக்கு மீசை வைக்கும்போது
திரை நீலமாகி நின்றது.
திரும்பப் போட்டால் மூன்று பீப்,
அப்புறம் ஃபேன் சத்தம் மட்டும்.

நாகூர்கனி லுங்கியோடு வந்தான்.
ஒரே நாளில் ஜோடியாக வாங்கிய ராம் இரண்டில்
ஒன்று போய்விட்டதாம்.
மற்றதன் தங்கப் பல்லை
என் மகளின் அழிரப்பரால் தேய்த்துக்கொண்டே சொன்னான்:
"இது ஒண்ணே பத்தாதுக்கா. உங்க பேனர் சைசுக்குத் திணறும்."

பையிலிருந்து ஒன்றை எடுத்தான். உட்காரவில்லை.
"வெட்டு இடம் மாறியிருக்கு. முந்துன தலைமுறை.
அமுக்குனா ஒடஞ்சுரும்."
இன்னொன்றை எடுத்தான். டக்கென்று உட்கார்ந்தது.
திருநகரில் டேட்டா என்ட்ரி ஆபீஸ் ஒன்றை மூடியபோது
எடைக்கு வாங்கியதாம்.
யார் யாருடைய எந்த விலாசமெல்லாம்
அதன் வழியாகப் போயிற்றோ.

"உங்களது மூவாயிரத்து இருநூறு. இது ரெண்டாயிரத்து நானூறு.
ரெண்டும் சேந்தா நானூறுலதான் ஓடும்."
"இதை அது வேகத்துக்கு இழுக்க முடியாதா?"
"இழுக்கலாம். மிரட்டுனா தலையாட்டும்க்கா.
தலையாட்டிட்டுப் பொய் சொல்லும்."

முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றே கால்.
ஏற்றுமதிப் பட்டை பாதியில் ஊர்ந்துகொண்டிருந்தது,
கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிய லாரி மாதிரி.
அவன் எந்தச் சாவியை அமுக்கினான் என்று பார்த்து வைத்திருந்தேன்.
அணைத்தேன், உள்ளே போனேன்,
மூவாயிரத்து இருநூறு என்று மாற்றினேன்.
மிஷின் ஓடியது. என்ன ஓட்டம்!
மீதி மூன்று மாமனுக்கும் மீசை வந்தது.
நாலரைக்குப் பரமசிவம் பிரிண்டரிலிருந்து
தலை முதலில் இறங்கினார்.

மகன் வந்தான், தூங்காத கண்.
இனிஷியல் சரியா என்று பார்த்தான்,
தோற்றம் மறைவு தேதி பார்த்தான்,
ஈரம் காயாமல் சுருட்டிக்கொண்டு போனான்.

பாலத்தடியில் கட்டிய பிறகுதான் நான் பார்த்தேன்.
வெள்ளைச் சட்டையில்
இடது பாக்கெட் தொடங்கி ஓரம் வரை
வளையல் கனத்துக்கு ஒரு ரோஸ் கோடு.
எனக்குத் தெரியும் அது எந்த பலூன் என்று.

யாரும் கேட்கவில்லை. பாக்கிப் பணமும் வந்தது.
வெயிலில் முதலில் போவது சிவப்புதான்,
பதினாறாம் நாளுக்குள் வெளுத்துவிடும் என்று கணக்குப் போட்டபடி
தினமும் ஸ்கூட்டியில் அந்தப் பக்கமே போனேன்.
முகம் வெளுத்தது. மாலை வெளுத்தது.
பதினேழாம் நாள் பேனரைக் காணோம்.

போன வாரம் மழையில்
மீனாட்சிபுரம் பக்கம் ஒரு கரும்புச்சாறு வண்டிக்கு
அவரைப் போர்த்தியிருந்தார்கள்.
கிட்டத்தில் போய்ப் பார்க்கவில்லை.
வாங்கிய சாற்றைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தேன்.

இப்போது மிஷின் நானூறிலேயே ஓடுகிறது.
ஒரு பேனர் வெளியே வருவதற்குள்
இரண்டு டீ குடித்துவிடுகிறேன்,
பிறகு நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி
ஓரம் ஓரமாகச் சட்டைகளைப் பார்க்கிறேன்.